டேனரியிலிருந்து இடுப்பு மூட்டு வரை

உப்புப் போட்டு மடித்த பச்சைத் தோல் ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ ஒரு டேனரிக்குள் வந்து இறங்கியதும் முதலில் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். அடுத்தது சுண்ணாம்பு. அதில் முடி கழன்றுவிடும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதை, கொழுப்பு, ஜவ்வு எல்லாவற்றையும் இயந்திரத்தில் கொடுத்தோ கத்தியால் வழித்தோ எடுத்துவிடுவார்கள். இத்தனை பாடும் ஒரே ஒரு பொருளைத் தனியே நிறுத்துவதற்குத்தான். மாட்டின், ஆட்டின் தோலிலிருந்து மற்றதையெல்லாம் கழித்த பிறகு டேனரிக்காரர் கையில் மிஞ்சுவது கொலாஜன் என்ற புரதம். தோல் மண்டியில் விலை பேசுவது அதற்குத்தான்.

நம் உடம்பிலும் அதிகம் இருக்கிற புரதம் அதுதான். மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தோல், எலும்பு, தசைநாண், மூட்டுகளைக் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார், குருத்தெலும்பு, ரத்தக் குழாயின் சுவர், கண்ணுக்குள் இருக்கும் கூழ் என எல்லாவற்றையும் தாங்கி நிற்பது அது. இணைப்புத் திசு என்று மருத்துவர்கள் சொல்வதன் சாரமே கொலாஜன்தான்.

வடாற்காட்டு டேனரிகளில் பதனிடப்பட்ட பொருள் கிண்டிக்குப் போய், அங்கிருந்து உலகம் சுற்றி, வேலூரில் ஒரு குழந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயில் வந்து நின்ற வழி நீளமானது. அந்த வழியை இந்தப் பக்கத்து மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் குழந்தையைப் பார்த்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எங்கடா விழுந்த?" என்பதுதான். "நம்ம குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்ற கேள்வி வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், இன்றைய அரக்கோணம் வழியாகத்தான் போனது. பின்னால் அந்தப் பாதை மேற்கே நீண்டு காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஊர்களையெல்லாம் சென்னைத் துறைமுகத்தோடு சேர்த்தது. அன்றைய தோல் ஆவாரம் பட்டைத் தோல். பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறி, கடுக்காய்ச் சாற்றில் தோய்ந்து வெளுத்த நிறத்தோடு வரும். கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போன சரக்கு அது. குரோமியம் உப்பு அப்புறம் வந்து வாரங்களை நாட்களாகக் குறைத்தது. அது இந்த மண்ணின் தண்ணீரை என்ன செய்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு அது.

பதனிடாத தோலைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் 60, 65 டிகிரி செல்சியஸிலேயே சுருண்டுவிடும். குரோம் போட்ட தோல் கொதிக்கும் தண்ணீரையும் தாங்கும். கொலாஜன் இழைகளுக்கு நடுவே குரோமியம் போய் உட்கார்ந்து ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதே காரணம். சூட்டில் சுருளும் அந்த நேரத்தில் உள்ளே ஏதோ ஒன்று கட்டவிழ்கிறது என்பது டேனரி வேதியியலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. கட்டு எப்படிப் போட்டிருக்கிறது என்பது மட்டும் 1950கள் வரை உலகத்தில் யாருக்கும் தெரியாது.

சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டது. பக்கத்திலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். 1952இல் அங்கே இயற்பியல் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர், பெங்களூரில் சி.வி. ராமனின் மாணவர், அப்போது முப்பது வயதுகூட நிரம்பாதவர். அவரை அழைத்து வந்த துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார், பெயர் பெற்ற மகப்பேறு மருத்துவர். தான் கொண்டுவந்து அமர்த்திய இயற்பியல்காரர் ஒரு நாள் பிறவி ஊனத்தின் மூலத்துக்கு வழி திறப்பார் என்று முதலியார் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் எனக்கு அந்தச் சேர்க்கை பிடித்திருக்கிறது.

அதே சமயத்தில் இங்கிலாந்திலிருந்து படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். என்ன ஆராய்ச்சி செய்யலாம் என்ற பேச்சில், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொன்னார். லீனஸ் பாலிங் போன்ற பெரியவரே 1951இல் ஒரு மாதிரியைச் சொல்லி அது பொருந்தாமல் போயிருந்தது. ராமச்சந்திரன் வேலையில் இறங்கினார். கூட இருந்தவர் கேரளத்துக்காரரான கோபிநாத் கர்த்தா. முதலில் கிடைத்த சுறாத் துடுப்புக் கொலாஜனில் எக்ஸ்ரே படம் தெளிவாக விழவில்லை. கங்காருவின் வால் தசைநாணில் இழைகள் ஒரே சீராக இருக்கும், படம் நன்றாக விழும் என்று தெரிந்தது. சென்னையில் கங்காரு வாலுக்கு எங்கே போவது? பக்கத்துத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கைகொடுத்தது. தோல் தொழிலுக்காக எழுப்பப்பட்ட நிறுவனத்தின் வழியாகத்தான் அந்தத் தசைநாண் கிண்டிக்கு வந்து சேர்ந்தது.

1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் ராமச்சந்திரனும் கர்த்தாவும் கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று சங்கிலிகள் சேர்ந்து ஒரு கொலாஜன். அடுத்த வருடம் அதைத் திருத்தி, மூன்றும் முப்பிரிக் கயிறு போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன என்றார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் இதில் சில அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருக்கின்றன என்று குறை சொல்லி வேறொரு வடிவத்தை முன்வைத்தார்கள். ராமச்சந்திரன் ஒதுங்கவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று அளந்து பார்க்கத் தொடங்கினார். அதிலிருந்து 1963இல் பிறந்ததுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று புரத அமைப்பைப் படிக்கிற எந்த மாணவரும் அந்த வரைபடத்தைத் தாண்டிப் போக முடியாது. கொலாஜனின் இன்றைய வடிவத்தில் சென்னைக்கும் பங்குண்டு, கேம்பிரிட்ஜுக்கும் பங்குண்டு. தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்குக்கு ‘டிரிபிள் ஹீலிக்ஸ்’ என்று பெயர். அந்த நிறுவனம் தன் அண்டை வீட்டுக்காரருக்குச் செய்த மரியாதையாகவே அதை நான் பார்க்கிறேன்.

மூன்று பிரிகள் நெருக்கமாக முறுக்கிக்கொள்ள வேண்டுமானால் நட்டநடுவில் இடம் மிகக் குறைவு. அந்த இடத்துக்குள் நுழையக்கூடிய அமினோ அமிலம் ஒன்றே ஒன்றுதான். அது கிளைசின், இருப்பதிலேயே சிறியது. மற்ற அமினோ அமிலங்களுக்கெல்லாம் பக்கவாட்டில் ஒரு கிளை நீண்டிருக்கும். கிளைசினுக்கு அங்கே ஒரு ஹைட்ரஜன் அணு மட்டும். அதனால் சங்கிலியை எண்ணிக்கொண்டே போனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வந்தே ஆக வேண்டும். முறுக்குப் பகுதியில் ஒரு சங்கிலிக்கு 1014 அமினோ அமிலங்கள். அதில் கிளைசினுக்கான இடம் 338. ஓரிடத்தில்கூட விலக்குக் கிடையாது. கிளைசின் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிடச் சற்றே பெரிய செரின் வந்து உட்கார்ந்தால் முறுக்கு அங்கே தடைப்பட்டுப் பிதுங்கும்.

1954இல் இது வெறும் வடிவ விதி. அதை மீறினால் ஒரு குழந்தையின் உடம்பில் என்ன நடக்கும் என்பது 1980களில்தான் தெரியவந்தது. சிறிது இடித்தாலே முறிகிற எலும்போடு பிறக்கும் குழந்தைகளின் மரபணுவைப் படித்தபோது, மூன்றாம் இடத்துக் கிளைசின் மாறியிருப்பது திரும்பத் திரும்பத் தென்பட்டது. அது முதல் வகைக் கொலாஜன். தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருப்பது, டேனரியில் பதனிடப்படுவது. குருத்தெலும்பில் இருப்பது இரண்டாம் வகை. இரண்டுக்கும் முறுக்கு ஒன்றே, விதியும் ஒன்றே.

இனி இடுப்புக்கு வருவோம்.

தொடை எலும்பின் மேல் முனை பந்து. இடுப்பெலும்பில் அதற்கொரு கிண்ணம். சிறு குழந்தைக்கு அந்தப் பந்தின் பெரும்பகுதி குருத்தெலும்புதான். எலும்பு உள்ளேயிருந்து மெல்ல மெல்லப் பரவி வரும். நாலு வயதிலிருந்து எட்டு வயது வரை பந்துக்குப் போகும் ரத்தம் ஏறக்குறைய ஒரே வழியை நம்பியிருக்கிறது. தொடையைச் சுற்றி வரும் ஒரு தமனியிலிருந்து பிரியும் சிறு குழாய்கள், எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறி மேலே போகின்றன. அந்த வழி அடைபட்டால் பந்துக்குள் எலும்பு செத்துப்போகும். நொறுங்கித் தட்டையாகி, பிறகு இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி எலும்பாக வளரும். வளரும்போது உருண்டையாக வருமா, தட்டையாகவே நின்றுவிடுமா என்பதில்தான் அந்தக் குழந்தையின் நாற்பதாவது வயது இருக்கிறது.

1910இல் பாஸ்டனில் ஆர்தர் லெக், பிரான்சில் ஜாக் கால்வே, ஜெர்மனியில் கியோர்க் பெர்த்தெஸ் ஆகிய மூவரும் தனித்தனியாக இதை எழுதினார்கள். பெர்த்தெஸ் நோய் என்று இன்று சொல்வது இதைத்தான். அதுவரை குழந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயில் சிதைவு தெரிந்தால் காசநோய் என்றே முடிவு. 1909இல் ஸ்வீடனின் வால்டென்ஸ்ட்ரோம் எழுதியபோதுகூடக் காசநோய் என்றுதான் நினைத்தார். நம் ஊரில் இன்றும் அந்தச் சந்தேகம் முதலில் வருவது நியாயம்தான், மூட்டுக் காசநோய் இங்கே உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் சந்தேகம் தீர்வதற்கு முன் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிய குழந்தைகளும் உண்டு.

தென்னிந்தியாவில் பெர்த்தெஸ் நோய் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வருவதில்லை. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் பெஞ்சமின் ஜோசப் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மேற்குக் கடற்கரையில் அது கூடுதலாக இருப்பதைக் காட்டினார். பிறகு 610 குழந்தைகளின் எக்ஸ்ரேக்களை அடுக்கிவைத்து, நோய் எந்தக் கட்டத்தில் எப்படி மாறுகிறது என்று அவர் செய்த பகுப்பை இன்று உலகெங்கும் குழந்தை எலும்பியல் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். பந்து தட்டையாவதற்கு முன்பே அதைக் கிண்ணத்துக்குள் சரியாக அடக்கிவைத்துவிட்டால் உருண்டையாக வளர வாய்ப்பு அதிகம். தாமதமானால் அந்த வாய்ப்பு போய்விடும்.

பெர்த்தெஸ் நோய் வந்த பெரும்பாலான குழந்தைகளின் வீட்டில் வேறு யாருக்கும் அது இருப்பதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இந்தக் கட்டுரையைப் படிக்கும் ஒரு தாய் வீணாகத் தன் பரம்பரையைச் சபித்துக்கொள்வார். ஆனால் சில குடும்பங்களில் அப்பாவுக்கு முப்பது வயதில் இடுப்பு போயிருக்கும், அத்தைக்குப் போயிருக்கும், இப்போது பையனுக்கு வரும். 2005இல் தைவான் ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட மூன்று குடும்பங்களின் மரபணுவை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்டார்கள். இரண்டு குடும்பங்களில் இரண்டாம் வகைக் கொலாஜனின் 1170ஆவது இடத்தில் (முறுக்குக்கு முன்னால் உள்ள துண்டையும் சேர்த்து எண்ணினால்) இருக்க வேண்டிய கிளைசின் செரினாக மாறியிருந்தது. மூன்றாவது குடும்பத்தில் 717ஆவது இடம். அங்கேயும் கிளைசினுக்குப் பதில் செரின். 2007இல் ஜப்பானில் ஒரு குடும்பத்தில் பெர்த்தெஸ் நோயாகவே தெரிந்த பாதிப்புக்கும் அதே 1170ஆவது இடம்தான் காரணம் என்று தெரிந்தது. கிண்டியில் கங்காரு வாலில் படித்த விதி அரை நூற்றாண்டுக்குப் பிறகு குழந்தைகளின் இடுப்பில் வந்து நின்றது.

ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் இவ்வளவு நடக்குமா என்று தோன்றும். கணக்குப் போட்டால் புரியும். நமக்கு அந்த மரபணுவில் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதியில் பிழை இருந்தால் தயாராகும் சங்கிலிகளில் பாதி பிழையானவை. இரண்டாம் வகைக் கொலாஜனில் மூன்று பிரிகளும் அதே சங்கிலிதான். மூன்றையும் கலந்து எடுத்து முறுக்கும்போது, மூன்றுமே நல்லவையாக அமைய எட்டில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. மீதி ஏழில் குறைந்தது ஒரு பிழைச் சங்கிலியாவது போய்ச் சேர்ந்திருக்கும். இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. பிழையான பிரதி சங்கிலியே தயாரிக்காமல் சும்மா இருந்துவிட்டால் கொலாஜன் அளவு பாதியாகும், ஆனால் தயாராவது அத்தனையும் நல்லது. அப்போது வருவது 1965இல் மேயோ மருத்துவமனையின் குன்னார் ஸ்டிக்லர் விவரித்த ஸ்டிக்லர் நோய்க்குறித் தொகுதி. எலும்புக் கோளாறு பொதுவாகக் குறைவு, கண்ணில்தான் ஆபத்து. தப்பாக வேலை செய்யும் மரபணு, வேலையே செய்யாத மரபணுவைவிட இடுப்புக்குக் கூடுதல் கேடு.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மூட்டு வலி என்றாலே பாயா சாப்பிடச் சொல்வார்கள். ஆட்டுக்காலை இரவெல்லாம் வேகவைத்து, உதட்டில் பசையாக ஒட்டும் அந்தச் சாறு கொலாஜனேதான். சூட்டில் முறுக்கவிழ்ந்து ஜெலட்டின் ஆகியிருக்கும். சத்தான சாப்பாடு, சந்தேகமில்லை. ஆனால் வயிற்றுக்குள் போனதும் அது சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் சிதைந்துவிடும். புதிய கொலாஜனை உடம்பு தன் மரபணு சொல்லும் வரிசையில்தான் கட்டும். 1170இல் செரின் என்று எழுதியிருந்தால், எத்தனை பாயா சாப்பிட்டாலும் அங்கே செரின்தான்.

கொலாஜன் இடுப்பைப் பாதிக்கிற இன்னொரு வழி தளர்ச்சி. பந்து கிண்ணத்தில் நிற்பதற்கு மூட்டைச் சுற்றியுள்ள தசைநார் உறுதியாக இருக்க வேண்டும். 1964இல் லண்டனில் செட்ரிக் கார்ட்டரும் ஜான் வில்கின்சனும், பிறவியிலேயே இடுப்பு விலகிய குழந்தைகளில் பலருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மூட்டுகள் பொதுவாகவே தளர்வாக இருப்பதைக் கண்டார்கள். சில வருடத்தில் எடின்பரோவின் ரூத் வின்-டேவிஸ் இதையே பெரிய அளவில் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்தார். தளர்ச்சியின் கடைக்கோடியில் இருப்பது எலர்ஸ்-டான்லோஸ் நோய்கள்: கோபன்ஹேகனில் எட்வர்ட் எலர்ஸ் 1901இலும், பாரிஸில் ஆன்ரி-அலெக்ஸாண்டர் டான்லோஸ் 1908இலும் எழுதியது. 2017இன் பகுப்பில் அதற்குப் பதின்மூன்று வகைகள். அதில் ஒரு வகையின் முதல் அடையாளமே குழந்தை பிறக்கும்போதே இரண்டு இடுப்பும் விலகியிருப்பது.

அந்த வகை கண்டுபிடிக்கப்பட்ட வழி தோல்காரர்களுக்குப் பரிச்சயமான ஒரு பிராணியைத் தொட்டுப் போகிறது. கொலாஜன் செல்லை விட்டு வெளியே வரும்போது அதன் இரு முனைகளிலும் ஒரு வால் துண்டு இருக்கும். அவற்றை நொதிகள் வெட்டிவிட்ட பிறகுதான் இழைகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியும். 1960களில் பெல்ஜியத்தில் சில கன்றுக்குட்டிகள், தொட்டாலே கிழிகிற தோலோடு பிறந்தன. லியேஜ் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது அவற்றின் கொலாஜனில் ஒரு முனையில் வால் துண்டு வெட்டப்படாமலே நின்றிருந்தது. வெட்டும் நொதியில் கோளாறு இருந்தால் கன்றைப் போலவே மனிதக் குழந்தைக்கும் தோல் கிழிகிறது என்பது 1992இல் உறுதியானது. நொதி நன்றாக இருந்து, கொலாஜனில் வெட்ட வேண்டிய இடமே இல்லாமல் போனால் தோல் கிழிவதைவிட மூட்டு தளர்வது முன்னே வரும். இரண்டு இடுப்பும் விலகும். கன்றின் தோலைப் பற்றிய கேள்வியும் சிசுவின் இடுப்பைப் பற்றிய கேள்வியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

நம் பெண்கள் குழந்தையை இடுப்பில் கால்களை அகட்டி வைத்துத் தூக்குவது இடுப்பு மூட்டுக்கு நல்லது. பந்து கிண்ணத்துக்குள் ஆழமாக உட்காரும். காலை நீட்டி இறுக்கிக் கட்டும் வழக்கமுள்ள ஊர்களில்தான் இடுப்பு விலகல் அதிகம். மருத்துவமனையிலிருந்து வந்ததும் குழந்தையைத் துணியில் நேராகச் சுருட்டிக் கட்டுவது இப்போது இங்கேயும் பழக்கமாகி வருவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குடும்பத்தைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. சாகர் வட்டத்தில் ஹந்திகோடு என்ற ஊரில் 1970களின் நடுவில், தலித் குடும்பங்களில் பலருக்கு இடுப்பும் முழங்காலும் முடங்கிப் போவது வெளியே தெரியவந்தது. வயலில் தெளித்த பூச்சிமருந்து, அந்த வயல் நண்டைச் சாப்பிட்டது என்று சந்தேகம் பல திசையில் போனது. குடும்ப மரத்தை வரைந்த பிறகுதான் அது தலைமுறை தலைமுறையாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் எலும்புக் கோளாறு என்பது தெளிவானது.

வேலூரிலும் ஒரு கதை உண்டு, அது வேறு மாதிரி. அங்கே பெற்றோர் இருவருக்கும் எதுவும் இருக்காது. மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள் குழந்தையின் விரல் கணுக்கள் புடைக்கும், இடுப்பு இறுகும், நடை மாறும். பார்ப்பவர்கள் முடக்குவாதம் என்பார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனையில் அழற்சிக்கான அடையாளம் இராது. ஸ்டீராய்டு மாத்திரைகள் வருடக்கணக்கில் உள்ளே போகும், பயன் இருக்காது. முடக்குவாதம் போலத் தோன்றும் இந்தக் குருத்தெலும்பு நோயை 1980களின் தொடக்கத்தில் தனியே அடையாளம் காட்டியவர்களில் முன்பு சொன்ன ரூத் வின்-டேவிஸும் ஒருவர். அதன் மரபணு 1999இல் தெரிந்தது. அது கொலாஜன் மரபணு அல்ல, குருத்தெலும்பைப் பேணும் வேறொரு புரதத்தின் மரபணு. வேலூர் சி.எம்.சி.யின் குழந்தைகள் எலும்பியல் துறையில் விரிஷா மாதுரியும் சக ஆய்வாளர்களும் 2016இல் இந்திய நோயாளிகளிடம் அந்த மரபணுவைப் படித்து, அதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு மாற்றத்தையும் சேர்த்து வெளியிட்டார்கள்.

இந்த நோய் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வர வேண்டும். இருவரும் ஒரே தாத்தாவின் வழி வந்தவர்களாக இருந்தால் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 28 சதவீதம் பேர் ரத்த உறவில் மணந்தவர்கள். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று நமக்குப் பழகிய முறை. இதைச் சொல்லும்போது யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. சொந்தத்தில் மணந்த மிகப் பெரும்பாலோரின் பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள். கிளைசின் மாறுகிற கொலாஜன் நோய்க்கும் சொந்தத் திருமணத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதற்கு ஒரு பெற்றோரின் பிழை போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. வேலூரில் காணும் அந்த நோய்க்கு, இருவரும் பிழையைச் சுமந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. எந்த நோய் என்று தெரிந்தால்தான் எந்தக் கணக்கு என்று தெரியும்.

அரக்கோணத்தில் இருப்பவர்களுக்குக் கால் கோளாறு என்றால் ரயில் மூன்று திசையில் போகிறது. வடக்கே ரேணிகுண்டா பாதையில் புத்தூர். எலும்பு முறிவுக்கு அங்கே போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருவது தலைமுறைப் பழக்கம். கிழக்கே 69 கிலோமீட்டரில் சென்னை. மேற்கே அறுபது கிலோமீட்டர் போல் காட்பாடி, இறங்கினால் வேலூர். பந்து தட்டையாகும் நோயில் முறிவு கிடையாது, கட்டினால் சேர்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இறுக்கிக் கட்டிவிட்டுக் காத்திருக்கும் வாரங்களில் உள்ளே பந்து நொறுங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொரு தடுமாற்றம் முட்டி. இடுப்பில் கோளாறு இருக்கும் குழந்தை பல சமயம் "முட்டி வலிக்குது" என்றுதான் சொல்லும், இரண்டுக்கும் நரம்பு ஒன்று என்பதால். வீட்டில் முட்டிக்குத் தைலம் தேய்ப்பார்கள். கிளினிக்கில் முட்டிக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் ஒன்றும் இருக்காது. நொண்டுகிற குழந்தை முட்டியைக் காட்டினாலும் இடுப்பைப் பாருங்கள் என்பது குழந்தை எலும்பியலின் பால பாடம். அந்தப் பாடம் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

எப்போது பரம்பரையைச் சந்தேகிப்பது? இரண்டு இடுப்பும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி தட்டையாகியிருந்தால். பெர்த்தெஸ் நோய் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். இரு பக்கமும் வந்தாலும் ஒன்று முந்தி, ஒன்று பிந்தி நிற்கும். இரண்டும் கண்ணாடியில் பார்த்தாற்போல் இருந்தால் மருத்துவர் முதுகுத்தண்டு, முட்டி, கை மூன்றுக்கும் படம் எடுக்கச் சொல்வார். குழந்தை வயதுக்குக் குள்ளமா, சிறு வயதிலேயே தடித்த கண்ணாடியா, அண்ணம் பிளந்து பிறந்ததா, காது மந்தமா என்று பார்ப்பார். அப்பாவோ அம்மாவோ நாற்பதுக்குள் இடுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவரா என்று கேட்பார். இதற்கெல்லாம் பதில் வீட்டில்தான் இருக்கிறது. பெர்த்தெஸுக்கு உதவும் அறுவை, பரம்பரைக் குருத்தெலும்புக் கோளாறுக்கு அப்படியே உதவாமல் போகலாம். அதனால் பெயர் தெரியாமல் கத்தி வைப்பது ஆபத்து.

இன்றைக்கு மரபணுவில் உள்ள பிழையைத் திருத்தும் மருந்து எதுவும் இந்த நோயாளிகளின் கைக்கு வரவில்லை. செய்யக்கூடியது இடுப்பை இயன்றவரை காப்பாற்றுவது, எடையைக் கட்டுக்குள் வைப்பது, நீச்சல் போன்ற உடற்பயிற்சி, கால் உயரம் குறைந்தால் செருப்பில் அடி கட்டுவது, தாங்க முடியாதபோது மூட்டு மாற்று. இவற்றையெல்லாம்விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது, அது இடுப்புக்கு வெளியே. இரண்டாம் வகைக் கொலாஜன் கண்ணுக்குள் இருக்கும் கூழிலும் உண்டு. ஸ்டிக்லர் நோய் உள்ளவருக்கு விழித்திரை பிரிந்து பார்வை போகலாம். முன்கூட்டியே தெரிந்தால் லேசர் அல்லது உறைகுளிர்ச் சிகிச்சையால் அந்த அபாயத்தைக் குறைக்க முடியும். மார்ஃபன் நோயில் கோளாறு ஃபைப்ரிலின் என்ற வேறொரு இணைப்புத் திசுப் புரதத்தில். அங்கே இடுப்புக் கிண்ணம் உள்நோக்கிப் பிதுங்கும். அதே கோளாறு இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியையும் வீங்க வைக்கும். எக்கோ எடுத்துப் பார்த்தால் உயிர் பிழைக்கும்.

ஆகவே நொண்டிய பையனோடு போகும்போது வீட்டில் நன்றாக ஓடி ஆடிக்கொண்டிருக்கும் தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டியின் பழைய எக்ஸ்ரே பரணில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கைக்கு இடுப்பில் ஒரு படம், கண்ணில் சொட்டு மருந்து விட்டு ஒரு பரிசோதனை, நெஞ்சில் ஒரு எக்கோ. மூன்றும் ஒரே நாளில் முடிந்துவிடும். மாலை ரயிலில் காட்பாடியிலிருந்து அரக்கோணம் திரும்பிவிடலாம்.